நினைவு நாணயம் சேமிப்பு ஆகுமா?



வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் நம் சமுதாயத்தில் ஒரு பேச்சும் கூடவே கிளம்பிவிடும். "நினைவு வெள்ளி நாணயம் வாங்கி வையுங்கள், பிள்ளையின் மேற்படிப்புக்கு ஆகும், திருமணத்துக்கு ஆகும்" என்பதே அந்தப் பேச்சு. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 50 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதன் பின்னரும் ஏறியது. அன்று முதல் இந்தப் பேச்சு கோயில் மண்டபத்திலும் கேட்கிறது. திருமண விருந்திலும் கேட்கிறது. பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரின் வாயிலும் கேட்கிறது. "ஐயா, மாதாமாதம் ஒரு நாணயம் வாங்கச் சொல்கிறார்கள். பிள்ளையின் கல்விச் சேமிப்பை நிறுத்திவிட்டு இதில் போடலாமா?" என்று தாய் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "வேண்டாம் அம்மா" என்றேன். ஏன் வேண்டாம் என்பதை நின்ற இடத்தில் விளக்க முடியவில்லை. அந்த விளக்கத்தை இங்கே விரிவாகத் தருகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நாணயம் சேகரிப்பதை நான் எதிர்க்கவில்லை. அது அறிவை வளர்க்கும் நல்ல பழக்கம். ஆனால், சேகரிப்பு வேறு, சேமிப்பு வேறு. சேகரிப்பு மன நிறைவுக்காகச் செய்யும் செலவு. சேமிப்பு நாளைய தேவைக்காக ஒதுக்கும் பணம். முன்னதைப் பின்னதாக வேடமிட்டு விற்பதையே நான் கண்டிக்கிறேன்.

ஒரு காசு, மூன்று மதிப்பு

நினைவு வெள்ளி நாணயம் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது முகமதிப்பு. நாணயத்தின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும் தொகை அது. அரசு அதற்கு மட்டுமே உறுதி சொல்கிறது. இரண்டாவது உலோக மதிப்பு. நாணயத்தில் அடங்கியுள்ள தூய வெள்ளியின் அன்றைய சந்தை விலை அது. மூன்றாவது சேகரிப்பு மதிப்பு. அந்த நாணயம் தன் தொகுப்பில் இருக்க வேண்டும் என்று விரும்பும் மனிதர் தர முன்வரும் கூடுதல் தொகை அது.

விற்பவர் வாங்கும் விலையோ இம்மூன்றில் எதுவுமன்று. வெள்ளியின் விலை, அச்சடிப்புக் கூலி, மெத்தை வைத்த பெட்டி, சான்றிதழ், இடைத்தரகரின் இலாபம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அதே நாணயத்தைத் திருப்பி விற்கப் போனால் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் யாரும் பெரிதாகப் பணம் தருவதில்லை. அவசரத்துக்கு விற்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது உலோக மதிப்பு. அதிலும் கடைக்காரரின் கழிவு போகத்தான் மீதி.

"குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சடித்திருக்கிறார்கள், ஆகவே விலை ஏறும்" என்பார்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதனால் மட்டும் ஒரு பொருள் அரியது ஆகிவிடாது. இருப்பதைவிட விரும்புவோர் மிகுதியாக இருந்தால்தான் அது அரியது. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு லீ குவான் இயூவின் நூற்றாண்டையொட்டி 10 வெள்ளி நாணயம் வெளியிடப்பட்டது. அது அலுமினிய வெண்கலத்தால் ஆனது. வெள்ளி உலோகம் அதில் துளியும் இல்லை. இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட நாணயம் அது. இருந்தும் மக்கள் முன்பதிவு செய்து வாங்கினார்கள். ஒரு நாணயத்தை விரும்பத்தக்கதாக ஆக்குவது பெரும்பாலும் அது நினைவுகூரும் மனிதரும் நிகழ்வுமே. அதில் கலந்துள்ள உலோகம் அன்று. அந்த விருப்பம் அடுத்த தலைமுறையிலும் இருக்குமா என்பதற்கு எந்தச் சான்றிதழும் உறுதி தராது.

சேமநிதி நாணயம் சொல்லும் கணக்கு

வெறும் வாதம் போதாது, கணக்குப் பார்ப்போம். அதற்கு ஏற்ற நாணயம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு.

ஊழியர் சேமநிதி வாரியம் 1951ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. அதன் வெள்ளிவிழாவையொட்டி 1976ஆம் ஆண்டு 25 ரிங்கிட் முகமதிப்புள்ள வெள்ளி நாணயம் வெளியிடப்பட்டது. எடை 35 கிராம்; வெள்ளியின் தூய்மை ஆயிரத்துக்கு 925. அதாவது அதில் 32.4 கிராம் தூய வெள்ளி உள்ளது. இது ஒரு டிராய் அவுன்சுக்குச் சற்றே கூடுதல். துல்லியமாகச் சொன்னால் 1.04 அவுன்ஸ்.

1976இல் ஓர் அவுன்ஸ் வெள்ளி சராசரியாக 4 டாலர் 35 காசுக்கு விற்றது. ஒரு டாலர் அப்போது ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட். ஆகவே அந்த நாணயத்தின் உலோக மதிப்பு அன்று 11 அல்லது 12 ரிங்கிட்தான். முகமதிப்பில் பாதிகூட இல்லை! வாங்கியவர் 25 ரிங்கிட்டுக்குக் குறையாமல் கொடுத்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். புரூஃப் எனப்படும் கண்ணாடி மெருகு நாணயமாக இருந்தால் இன்னும் கூடுதலாகவே கொடுத்திருப்பார்.

2025 அக்டோபர் நிலவரப்படி வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலர், டாலருக்கு 4 ரிங்கிட் 20 சென் என்று கணக்கிடுங்கள். அந்த நாணயத்தின் உலோக மதிப்பு ஏறத்தாழ 218 ரிங்கிட். "பார்த்தீர்களா, 25 ரிங்கிட் 218 ரிங்கிட் ஆகிவிட்டது!" என்று விற்பனையாளர் கைதட்டுவார். நம்மில் பலரும் அவருடன் சேர்ந்து கைதட்டிவிடுகிறோம்.

சற்றுப் பொறுங்கள். அதே 25 ரிங்கிட்டை அந்த நாணயம் போற்றுகிற சேமநிதியிலேயே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1983 முதல் 1987 வரை சேமநிதி ஆண்டுக்கு 8.5 விழுக்காடு இலாப ஈவு வழங்கியது. 1976க்குப் பின் மிகத் தாழ்ந்த ஆண்டாகிய 2002இலும் 4.25 விழுக்காடு வழங்கியது. சராசரியைக் குறைத்தே, ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். 49 ஆண்டுகளில் 25 ரிங்கிட், ஈவுக்கு ஈவு சேர்ந்து, ஏறத்தாழ 434 ரிங்கிட் ஆகியிருக்கும். நாணயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு! வெள்ளி விலை அவுன்சுக்கு 100 டாலரைத் தொட்டால்தான் நாணயம் சேமநிதிக்கு ஈடாகும். அதுவும் நாம் குறைத்துப் போட்ட இந்தக் கணக்குக்கு மட்டுமே.

சேகரிப்போர் யாராவது உலோக மதிப்புக்குமேல் சற்றுக் கூட்டித் தரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அப்படிப்பட்டவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. மருத்துவமனைக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் அவரைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

சேமநிதியைத் தோட்டத்து மக்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லர். பால்மரம் வெட்டிய பெற்றோரின் கூலியிலிருந்து மாதாமாதம் பிடிக்கப்பட்ட சிறு தொகைதான், தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் வீட்டின் முன்பணமாக நின்றது. யாரும் அதற்குப் பெட்டி தரவில்லை; சான்றிதழ் தரவில்லை. இன்று நிலையான முதலாளி இல்லாதவரும் அதில் தாமாகவே பணம் செலுத்த வழி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நம் மண்டபங்களில் ஆளில்லை. நாணயம் விற்க மட்டும் ஒலிவாங்கி கிடைக்கிறது.

"வெள்ளிதான் உண்மையான பணம்" என்னும் வாதம்

விற்பனையாளரின் அடுத்த வாதம் உணர்ச்சியைத் தொடுவது. "ரிங்கிட்டையே நாம் வெள்ளி என்றுதானே அழைக்கிறோம்? நம் முன்னோர் வெள்ளியைத்தான் பணம் என்று நம்பினார்கள்" என்பார்.

சொல் உண்மை, அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு பிழை. மலாயாவில் புழங்கிய ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்களினால்தான் 'வெள்ளி' என்னும் சொல் நம் நாவில் பணத்தின் பெயராக நின்றது. 'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லும் அந்த நாணயங்களின் பல்பல்லான விளிம்பைக் குறித்தே வந்தது. பிறகு 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற அரசு தன் சொந்த டாலரை வெளியிட்டது. அதன் எடை 26.95 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 900. அதுவரை எல்லாம் சரி.

அதன்பின் நடந்ததை விற்பனையாளர் சொல்வதில்லை. 1906இல் அந்த டாலரின் மதிப்பு இங்கிலாந்துப் பணத்தில் 2 சில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தப்பட்டது. வெள்ளி விலை ஏறியதும், நாணயத்தை உருக்கினால் இலாபம் என்னும் நிலை வந்தது. உடனே 1907இல் நாணயத்தின் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு மீண்டும் விலை ஏறியபோது எடையை 16.85 கிராமாகவும் தூய்மையை 500 ஆகவும் இறக்கினார்கள். சில்லறைக் காசுகளிலும் இதே கதைதான். 1939இல் 750 தூய்மையுடன் இருந்த மலாயாவின் 10 காசும் 20 காசும் போர்க்காலத்தில் 500க்கு இறங்கின. 1948இல் செம்பு நிக்கல் ஆயின. மலேசியா 1967இல் தன் சொந்த நாணயங்களை வெளியிட்டபோது புழக்கக் காசு எதிலும் வெள்ளி இல்லை. பெயரில் மட்டுமே வெள்ளி எஞ்சியது.

இந்த வரலாறு காட்டுவது என்ன? 'உண்மையான பணம்' என்று எந்த உலோகமும் நிலைத்து நின்றதில்லை. உலோகத்தின் விலை ஏறி இறங்கும்; அதற்கேற்ப அரசுகள் நாணயத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன.

சப்பானியர் காலத்து வாழைமரத் தாள் ஒரே நாளில் குப்பையானதை நம் தாத்தா பாட்டியர் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. பானைக்குள் பழைய வெள்ளிக் காசை ஒளித்து வைத்தவர் அன்று பிழைத்தார் என்பதும் உண்மை. ஆனால் அவர் ஒளித்து வைத்தது, கையில் புழங்கிய 20 காசு; 20 காசுக்குக் கிடைத்த 20 காசு. மெத்தைப் பெட்டியில் வைத்து உலோக விலைக்குமேல் பன்மடங்கு கொடுத்து வாங்கிய நினைவு நாணயம் அன்று. இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது நம் பாட்டியரின் துன்பத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவதாகும்.

வெள்ளியின் விலையும் நம்பத்தகுந்த நண்பனாக இருந்ததில்லை. 1980 சனவரியில் அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலருக்கு உயர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. 2011 ஏப்ரலில் மறுபடியும் 50 டாலரை நெருங்கியது. 2015 இறுதியில் 14 டாலர் அளவுக்கு இறங்கியது. 1980இன் உச்ச விலையில் வாங்கிய ஒருவர் தாம் போட்ட தொகையைத் திரும்பக் காண 2025 வரை, அதாவது 45 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. முப்பது வயதில் வாங்கியிருந்தால் அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. அந்த 45 ஆண்டுகளில் அரிசி விலையும் வீட்டு விலையும் எங்கே போயின என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதக்கத்தை நாணயம் என்பது

இதனினும் பெரிய ஏமாற்று ஒன்றுண்டு. ஓர் அரசின் சட்ட அதிகாரத்தோடு, முகமதிப்புடன் வெளியிடப்படுவதே நாணயம். தனியார் பட்டறை அச்சடிக்கும் வெள்ளி வட்டம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பதக்கமே. அதன்மேல் திருமகளோ பிள்ளையாரோ இருக்கலாம். பூசை அறையில் வைக்க வாங்குவோர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதற்கு முகமதிப்பு இல்லை. எந்த அரசின் உறுதியும் இல்லை. தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் அதை 'நினைவு நாணயம்' என்று கூவி விற்பவர், சொல்லிலேயே பொய்யைத் தொடங்குகிறார்.

கிளந்தான் மாநிலத்தில் 2010 ஆகஸ்டில் தங்க தினாரும் வெள்ளித் திர்ஹாமும் அறிமுகம் செய்யப்பட்டபோது, நாட்டில் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் ரிங்கிட் மட்டுமே என்று பேங்க் நெகாரா தெளிவுபடுத்தியது நினைவிருக்கலாம். ஒரு மாநில அரசின் முயற்சிக்கே அந்த விதி என்றால், பெயர் தெரியாத பட்டறையின் வட்டத்துக்கு என்ன தகுதி?

பிறகு எதற்காகச் சேகரிப்பது?

அறிவதற்காகச் சேகரிக்கலாம், பிள்ளைகளோடு பேசுவதற்காகச் சேகரிக்கலாம். 1976இல் வெளியான வனவிலங்குப் பாதுகாப்பு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 15 ரிங்கிட் வெள்ளி நாணயத்தில் காட்டெருது, 25 ரிங்கிட் வெள்ளி நாணயத்தில் இருவாய்ச்சிப் பறவை, 500 ரிங்கிட் தங்க நாணயத்தில் மலாயாத் தபிர். படங்களை மட்டும் காட்டி ஓர் அறிவியல் பாடம் நடத்திவிடலாம்.

சிங்கப்பூர் நாணயங்களில் 1985 முதல் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் பொறிக்கப்படுகிறது. அவற்றில் ஒன்று தமிழ். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த எழுத்துகளை வாசிக்கும்போது எங்கள் மாணவர் முகத்தில் தோன்றும் பூரிப்புக்கு விலை இல்லை. அந்த நாணயத்தின் விலையோ சில காசுகள்தான்.

2025 சூலை 27ஆம் நாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திர சோழனை நினைவுகூரும் நாணயம் வெளியிடப்பட்டது. அவன் 1025இல் படையெடுத்த கடாரம் நம் நாட்டின் கெடா. அந்த நாணயத்தை ஒருவர் தம் தொகுப்பில் வைத்திருப்பது எனக்கு முழுதும் புரிகிறது. அதை வைத்துப் பூசாங் பள்ளத்தாக்கின் கதையைத் தம் பிள்ளைக்குச் சொன்னால், செலவழித்த பணம் அன்றே திரும்பிவிட்டது என்பேன். "இன்னும் பத்தாண்டில் பத்து மடங்கு" என்று எண்ணிப் பெட்டியைத் திறக்காமலே பூட்டி வைத்தால், சோழனும் பயன்படவில்லை, பணமும் பயன்படவில்லை.

வாங்க விரும்புவோர்க்கு

1. வீட்டுச் செலவு, சேமநிதி, கல்விச் சேமிப்பு, காப்புறுதி ஆகியவை போக எஞ்சிய பணத்தில் மட்டும் வாங்குங்கள். கடன் அட்டையிலும் தவணையிலும் ஒருபோதும் வாங்காதீர்கள்.

2. நாணயத்தின் எடையைத் தூய்மையால் பெருக்கி, உலோக மதிப்பை நீங்களே கணக்கிடுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்குத்தான் அது.

3. "இன்றே உங்களிடம் திருப்பி விற்றால் என்ன தருவீர்கள்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

4. பழைய நீரிணை டாலர்களில் போலிகள் மலிந்துள்ளன. தராசும் காந்தமும் இல்லாமல் வாங்காதீர்கள். 1903ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ, திரும்பிப் பாராமல் நடையைக் கட்டுங்கள்.

5. கறுத்துவிட்டதே என்று, வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல், திருநீறு போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நுண்ணிய கீறல் விழுந்த நாணயத்தைச் சேகரிப்போர் விரும்பமாட்டார்கள். விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். மலிவான பிவிசி உறையில் வைக்காதீர்கள். நம் நாட்டு ஈரக் காற்று படாமல் காத்து வையுங்கள்.

நிறைவாக

பள்ளி வாரியத்தினரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரையும் ஆலய நிருவாகத்தினரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நாணயக் கண்காட்சி வையுங்கள். நானே வந்து மாணவர்களுக்கு விளக்கம் தருகிறேன். ஆனால், 'எதிர்காலச் சேமிப்பு' என்னும் பெயரில் நாணயமும் பதக்கமும் விற்கும் மேசைக்கு உங்கள் மண்டபத்தில் இடம் கொடுக்காதீர்கள். நம் மக்கள் விற்பவரின் முகத்தை நம்பி வாங்குவதில்லை. அவரை மேடையில் ஏற்றிய உங்கள் முகத்தை நம்பியே வாங்குகிறார்கள். தலைவர் மாலை அணிவித்த ஒருவர் பொய் சொல்வாரா என்று நினைக்கும் எளிய மக்கள் அவர்கள். அவர்கள் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்கும் ஐம்பதும் நூறும் யாருடைய இலாபத்துக்கும் உரியவை அல்ல.

என்னிடம் கேட்ட தாய்மாரும் தந்தையரும் முதலில் பிள்ளையின் கல்விச் சேமிப்பைத் தொடருங்கள். அதன்பின் கையில் ஏதேனும் மிஞ்சி, ஆசையும் இருந்தால், ஒரே ஒரு நாணயம் வாங்குங்கள். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.